குல்மார்க்கில் லிஃப்ட் இல்லாத சரிவில ஒரு நாள் ஸ்கீயிங்: கிருஷ்ணகிரியிலேர்ந்து 4 பேர், என்ன தயார் பண்ணணும்?

பர்கூர்காரன்:
பிப்ரவரி முதல் வாரம் குல்மார்க் போறோம், மொத்தம் 4 பேர். 2 பேர் பேசிக் ஸ்கீ கோர்ஸ் முடிச்சிருக்காங்க, பிஸ்டில (சமன்படுத்தின ஸ்கீ பாதையில) தைரியமா திரும்புவாங்க. மத்த 2 பேர் பனியையே பார்த்ததில்ல. ஒரு நாள் மட்டும் ஸ்கின் (ஏறும்போது வழுக்காம இருக்க ஸ்கீ அடியில ஒட்டுற பட்டை) ஒட்டி நாமளே ஏறி, யாரும் ஓட்டாத பனியில இறங்கணும்னு ஆசை. வாடகைக்கு என்ன எடுக்கணும், ஊர்ல இருந்தே என்ன பழகலாம்? கார்லயே போயிடலாமான்னும் ஒரு யோசனை.

தகடூரான்:
பனி பார்க்காத 2 பேரை அந்த நாள் கணக்கிலேர்ந்து எடுத்துடுங்க. அவங்க கீழ மைதானத்துல பயிற்சியாளரோட இருக்கட்டும். மத்த 2 பேருக்கும் லோக்கல் கைடு கட்டாயம்.

காரணம் இதுதான். கொண்டோலாவோட (கேபிள் கார்) ரெண்டாம் கட்டம் உங்களை அஃபர்வத் மலை மேல கிட்டத்தட்ட 3,950 மீட்டர்ல இறக்கிவிடும். ரோந்து ஆளுங்க பார்த்துக்கிறது லிஃப்டை ஒட்டின பகுதியைத்தான். எல்லைக் கயிறைத் தாண்டினா யாரும் பார்த்துக்காத காட்டு மலை. 2023 பிப்ரவரியில 2 போலந்துக்காரங்க, 2024 பிப்ரவரியில ஒரு ரஷ்யர், அங்க பனிச்சரிவுல செத்திருக்காங்க. பாளமா பிச்சிக்கிட்டு வர்ற பனிச்சரிவு பெரும்பாலும் 30லேர்ந்து 45 டிகிரி சாய்வுலதான் கிளம்பும். சீசன் ஆரம்பத்துல பனி மெல்லிசா இருக்கும்போது கடுங்குளிர் அடிச்சா, அடியில ஒரு அடுக்கு ரவையா மாறிடும். கையில பிடிச்சா உருண்டையே ஆகாது, உதிரும். அதுக்கு மேல மேற்கிலேர்ந்து வர்ற புயல் அரை மீட்டர் கொட்டிட்டுப் போனா, ரவை மேல சிமென்ட் பலகை வெச்ச கதைதான்.

சாய்வு பார்க்க ஆப் வேண்டியதில்ல. ஒரு போலை (ஸ்கீ ஊன்றுகோலை) சரிவுல செங்குத்தா நிறுத்துங்க. அதே நீள போலை அதோட நடுவிலேர்ந்து மேட்டுப் பக்கம் கிடையா நீட்டுங்க. முனை பனியைத் தொட்டா சுமார் 27 டிகிரி. தொட்டும் இன்னும் நீளம் மிச்சம் இருந்தா அதைவிடச் செங்குத்து, அங்க வேலை இல்ல. நடக்கும்போது காலடியில "டொம்"னு அமுங்குற சத்தமோ, ஸ்கீ முனையிலேர்ந்து ஓடுற விரிசலோ வந்தா சாய்வே இல்லாத இடமா பார்த்துத் திரும்பிடணும்.

முதல் நாளுக்கு குல்மார்க்குக்குக் கீழ இருக்கிற பாபாரேஷி பக்கம் மரக்காடு போதும். அங்கயும் ஓடைப் பள்ளத்துல இறங்காதீங்க, கொஞ்சம் பனி சரிஞ்சாலும் பள்ளம் நிறைஞ்சு ஆள் ஆழமா புதைவான்.

மாந்தோப்பு44:
தகடூரான் சொன்னது சரி. பீக்கன் (புதைஞ்சவரைத் தேட சிக்னல் அனுப்பி வாங்குற கருவி), ஷவல் (பனி தோண்டுற மண்வாரி), ப்ரோப் (பனிக்குள்ள குத்திப் பார்க்குற நீளக் கம்பி) மூணும் தலைக்கு ஒண்ணு. யாருக்காவது ஒண்ணு குறைஞ்சாலும் கிளம்பக் கூடாது. புதைஞ்சவரை முதல் 10, 15 நிமிஷத்துக்குள்ள எடுத்தாத்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு. மீட்புக்குழு அதுக்குள்ள வராது, கூட வந்தவன்தான் தோண்டணும்.

இதை கிருஷ்ணகிரியிலயே பழகலாம். ஒரு பீக்கனை அனுப்பு நிலையில வெச்சு, டிபன் பாக்ஸ்ல போட்டு, மாந்தோப்புச் சருகுக்குள்ள ஒளிங்க. இன்னொருத்தர் 40 மீட்டர் தள்ளியிருந்து தேடட்டும். திரையில தெரியுற எண் நேர்க்கோட்டுத் தூரம் இல்ல. அம்பு வளைவாத்தான் கூட்டிட்டுப் போகும், எண் கூடினா வந்த வழி தப்பு. 3 மீட்டர் வந்ததும் ஓடுறதை நிறுத்தி, பீக்கனைத் தரையோட ஒட்டி, திருப்பாம, சிலுவை மாதிரி மெதுவா நகர்த்துங்க. புதுசா பழகுறவங்க கோட்டை விடுறது இங்கதான், அவசரத்துல கையை ஆட்டிடுவாங்க. மிகக் குறைஞ்ச எண் வந்த இடத்துலேர்ந்து 25 செ.மீ. இடைவெளியில சுருளா ப்ரோப் குத்தணும். தட்டுப்பட்டா ப்ரோப்பைப் பிடுங்காதீங்க. அதுக்கு நேர் மேல நிக்காம, சரிவுல கீழ் பக்கத்துலேர்ந்து உள்நோக்கித் தோண்டுங்க.

தேடுறப்ப போன் 50 செ.மீ.க்கு அப்பால இருக்கணும். பீக்கனுக்கு ஆல்கலைன் பேட்டரிதான் பாதுகாப்பு. ரீசார்ஜ் பேட்டரி போட்டா மீதி அளவை அது தப்பாக் காட்டும்.

கோட்டைப்படி:
சாமான் பத்தி. ஸ்கின் ஒட்டும் முன்னாடி ஸ்கீ அடிப்பக்கத்தைத் துடைச்சுக் காய வைங்க. ஈரம் இருந்தா பசை பிடிக்காது, பாதி மலையில உரிஞ்சு தொங்கும். கழட்டினதும் பசைக்குப் பசை மடிச்சு ஜாக்கெட் உள்ள போடுங்க. 2 ரப்பர் ஸ்ட்ராப் கூடவே வெச்சிருந்தா உரிஞ்சதைக் கட்டியாவது இறங்கலாம்.

பூட்ஸ் முனையை ஊசி மாதிரி பின்னால (pin) பிடிக்கிற வகை பைண்டிங்கில (பூட்ஸை ஸ்கீயோட பூட்டுற கருவி) முனைத் துண்டுக்கு அடியில ஐஸ் அடைச்சுக்கும். பூட்டின மாதிரி தெரியும், முதல் திருப்பத்துல கழண்டுடும். குச்சியால நோண்டி எடுங்க. ஏறும்போது போட்ட முன் லாக்கை இறங்கும்போது எடுக்க மறந்தா விழும்போது கழலாது, முட்டி ஜவ்வு போயிடும்.

சாக்ஸ் ஒரே ஜோடி, மெல்லிசு. குளிருக்குன்னு 2 ஜோடி போட்டா பூட்ஸ் இறுகி ரத்த ஓட்டம் குறைஞ்சு விரல் இன்னும் விறைக்கும். காட்டன் பனியன் வேணவே வேணாம். பூட்ஸ் அளவு பாத நீளம் செ.மீ.யில, வீட்டுலயே அளந்துட்டுப் போங்க.

ஆழமான புதுப்பனியில கோர்ஸ்ல பழகின வி-பிரேக் (ஸ்கீ முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை விரிச்சு வேகம் குறைக்கிறது) வேலை செய்யாது, ரெண்டு காலுக்கும் சமமா எடை கொடுக்கணும். தொப்பூர் கணவாயில லாரி இறக்குற மாதிரிதான், முன்கூட்டியே வேகத்தைக் கட்டணும். ஏறுற பலத்துக்கு ராயக்கோட்டை மலைப்படி, முதுகுல 8 கிலோ, வாரம் 3 நாள்.

பர்கூர்காரன்:
நன்றி அண்ணா. 2 பேர் மட்டும் கைடோட பாபாரேஷி. கார்? செல்போன்?

தகடூரான்:
நம்ம ஊர் வழியா போற என்.எச். 44 ஸ்ரீநகர் வரைக்கும் போறது வாஸ்தவம்தான். ஆனா ராம்பன், பனிஹால் பக்கம் பனிக்கும் மண்சரிவுக்கும் அடிக்கடி மூடுவாங்க. பெங்களூர்லேர்ந்து ஃப்ளைட் பிடிங்க. குல்மார்க் அடிவாரத்துல இருக்கிற தங்மார்க்குக்கு மேல பனி நாள்ல சங்கிலி போட்ட வண்டிதான்.

வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீர்ல வேலை செய்யாது, ஆளுக்கொரு போஸ்ட்பெய்ட் எடுத்துக்கங்க. அமேசான்ல பார்த்தேன்னு சாட்டிலைட் மெசஞ்சர் எதுவும் கொண்டு போயிடாதீங்க, அனுமதி இல்லாம வெச்சிருந்தா ஏர்போர்ட்லயே பிடிச்சு வழக்குப் போடுவாங்க.