கழுத்து வலி கைக்கு இறங்கிவிட்டது, ஆபரேஷன் தேவையா?

ஓவர்லாக்_திருப்பூர்:
வணக்கம். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், வயது 41. சீசன் வந்தால் ஒன்றரை ஷிப்ட், குனிந்த தலை நிமிராது. பொங்கலுக்கு முன்பே கழுத்து இறுக ஆரம்பித்தது. இப்போது வலது தோள்பட்டையிலிருந்து கட்டைவிரல் வரை சுரீர் என்று இழுக்கிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போய், நூல் அறுந்தால் கோப்பதற்குள் பக்கத்து மெஷின்காரர் ரெண்டு பீஸ் ஓட்டிவிடுகிறார். ராத்திரி கையைத் தலைமேல் வைத்துக்கொண்டால்தான் கண் அசருகிறது.

எம்.ஆர்.ஐ.யில் சி5-சி6, அதாவது ஐந்தாவது, ஆறாவது கழுத்தெலும்புக்கு நடுவில் உள்ள ஜவ்வு பிதுங்கியிருக்கிறதாம். ஒரு டாக்டர் உடனே ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் கழுத்தில் ஸ்டீராய்டு ஊசி என்கிறார். சலூன்கார அண்ணன் ஒரே சொடுக்கில் சரியாகும் என்கிறார். பிள்ளைகள் படிக்கிறார்கள், வேலைக்குப் போகாமல் முடியாது. என்ன செய்யலாம்?

பிசியோ_ஈரோடு:
சலூன் சொடுக்கு வேண்டவே வேண்டாம்ங்க. மூளைக்குப் போகிற ஒரு ரத்தக்குழாய் கழுத்தெலும்பின் துளைகள் வழியாக ஏறுகிறது. வெடுக்கென்று திருப்பும்போது அதன் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதமே வரலாம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் பாதிப்பு நிரந்தரமாகவே தங்கிவிடலாம்.

நீங்கள் சொல்லும் விரல்கள் ஆறாவது கழுத்து நரம்பின் பாதை, கையைத் தூக்கினால் வலி குறைவதும் நரம்பு அழுத்தத்தின் அடையாளம். ஸ்கேனோடு பொருந்துகிறது. இந்தப் பொருத்தம்தான் முக்கியம். வலியே இல்லாத நாற்பது வயதுக்காரர்களுக்கும் ஸ்கேனில் தேய்மானம் தெரியும். பெரும்பாலானோருக்கு இந்த வலி சில வாரங்களிலோ மாதங்களிலோ ஆபரேஷன் இல்லாமலே தணிகிறது, பிதுங்கிய ஜவ்வு தானாகச் சுருங்குவதும் உண்டு.

ஒன்று கேட்கிறேன். சட்டைப் பட்டன் போட முடிகிறதா? நடக்கும்போது கால் தள்ளாடுகிறதா? ஒன்றுக்கு அடக்க முடியாமல் போகிறதா? இதில் எது இருந்தாலும் தண்டுவடம் நசுங்குகிறதோ என்று உடனே பார்க்க வேண்டும், அங்கே காத்திருப்பது தப்பு.

ஓவர்லாக்_திருப்பூர்:
பட்டன் போடுகிறேன், நடை சரியாக இருக்கிறது. கத்தரி பிடிக்கும்போதுதான் பிடி கொஞ்சம் தளர்வு மாதிரி.

பிசியோ_ஈரோடு:
அந்தத் தளர்வை டாக்டர் கையால் சோதித்துக் குறித்து வைக்கட்டும். வாராவாரம் பலம் குறைந்துகொண்டே போனால் ஆபரேஷன் பேச்சில் நியாயம் உண்டு. குறையவில்லை என்றால் முதலில் பயிற்சிதான். ஆள் பார்க்காமல் நான் இங்கே பயிற்சி எழுத மாட்டேன். ஸ்டூல் உயரத்தை மட்டும் இன்றைக்கே சரிபார்த்து, அடிக்கடி எழுந்து நில்லுங்கள்.

லோடு_டிரைவர்_கோவை:
சகோ, நான் அந்த ஊசி போட்டவன். எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டேதான் போட்டார்கள். கை வலி நன்றாகக் குறைந்தது. ஆனால் அது வீக்கத்தை அடக்கும், ஜவ்வை உள்ளே தள்ளாது. கழுத்தில் போடுவதால் ஆபத்து கொஞ்சம் உண்டு, அனுபவமுள்ளவரிடம் மட்டும் போங்கள். சுகர் இருந்தால் முன்பே சொல்லுங்கள், ஏறிவிடும். நரம்பு வலிக்கு பிரகாபலின் மாத்திரை தந்தால் கிறுகிறுப்பு வரும், பைக்கை வீட்டில் விட்டுவிடுங்கள். கழுத்தில் மாட்டும் காலர் பட்டையும் வாங்கினேன். ரெண்டு மூன்று நாளைக்குச் சுகமாக இருக்கும், மாதக்கணக்கில் மாட்டினால் கழுத்துத் தசைதான் சோம்பேறியாகும்.

டைம்_ஆபீஸ்_அக்கா:
தம்பி, உங்களுக்குச் சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்களா? சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் பிடித்தாக வேண்டும். பங்களிப்புக் காலம் ஆறு மாதம், அதில் 78 நாளுக்குக் கட்டியிருந்தால், இஎஸ்ஐ டாக்டர் சான்றிதழோடு லீவு எடுக்கும்போது சம்பளத்தில் 70 சதவீதம் வரும், வருடத்துக்கு அதிகபட்சம் 91 நாள். பீஸ் ரேட் கான்ட்ராக்ட்டில் இருந்தால் பெயர் கம்பெனியின் ஆள் பதிவேட்டில் (ரோலில்) ஏறியிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பாதிப் பேருக்கு அங்கேதான் சிக்கல்.

ஓவர்லாக்_திருப்பூர்:
பிடிக்கிறார்கள் அக்கா, கார்டு பீரோவில் கிடக்கிறது. சரி, திங்கட்கிழமை ஸ்கேனை எடுத்துக்கொண்டு இஎஸ்ஐ போகிறேன். பிடி பலம் என்ன ஆனது என்று இங்கேயே எழுதுகிறேன்.