தமிழ்99-க்கு எந்த மெக்கானிக்கல் கீபோர்டு? நீலமா, சிவப்பா, பழுப்பா?

வைகைக்கரை:
வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். தினமும் ஆறேழு மணி நேரம் தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டச்சு. பாதி வேலை ராத்திரியில்தான் ஓடும். அதே அறையில் மகள் தூங்குவாள். இப்போது இருப்பது 600 ரூபாய் மெம்பிரேன் கீபோர்டு. சாயங்காலத்துக்குள் வலது சுண்டுவிரல் கடுக்க ஆரம்பித்துவிடுகிறது. 5,000 ரூபாய்க்குள், ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனி ஸ்விட்ச் உள்ள மெக்கானிக்கல் வாங்கலாம் என்று இருக்கிறேன். நீலம், சிவப்பு, பழுப்பு என்று ஸ்விட்ச் வகை சொல்கிறார்கள். எனக்கு எது ஒத்துவரும்?

பழையதட்டச்சு:
நீலம் எடுங்கள் அம்மா. நான் தட்டச்சுப் பொறியில் லோயர், ஹையர் முடித்து, பல வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன். எழுத்து விழுந்ததா என்று திரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது, விரலுக்கே தெரிய வேண்டும். மெம்பிரேனில் ரப்பர் குமிழ் முழுக்க மடங்கி அடியைத் தொட்டால்தான் எழுத்து விழும். அதனால் ஒவ்வொரு தடவையும் தரையில் குத்துகிறீர்கள். செர்ரி கம்பெனியின் நீல ஸ்விட்சில் விசை மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும், 2.2-இலேயே எழுத்து பதிந்து 'டிக்' என்று கேட்கும். கேட்டதும் விரலை எடுத்துவிடலாம். உங்கள் வலி அடிவரை குத்துவதால் வரும் வலி.

இரவுப்பணி:
ஐயா சொல்லும் காரணம் சரி, ஆனால் நீலம் வேண்டாம். தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் அந்தச் சத்தம் முடியவே முடியாது. அதைவிட முக்கியம், அக்கா சொன்ன சுண்டுவிரல். தமிழ்99-இல் உயிர் எல்லாம் இடக்கைக்கு, மெய் கிட்டத்தட்ட எல்லாம் வலக்கைக்கு. ந, ய, ச, ஞ, ழ, ண ஆறும் விழுவது வலது சுண்டுவிரல் பக்கம். 'நியாயம்' என்று அடித்துப் பாருங்கள்: நான்கு மெய்யில் மூன்று அந்த ஒரே விரலுக்கு. ஆங்கிலத்தில் சுண்டுவிரலுக்கு இவ்வளவு வேலை கிடையாது, அதனால் ஆங்கில விமர்சனங்களில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நீலத்தை அமுக்கச் சுமார் 60 கிராம் அழுத்தம் வேண்டும், சிவப்புக்கு 45 போதும். ஒரு நாளைக்கு எத்தனை 'ய' அடிக்கிறீர்கள்? சிவப்புதான்.

பழையதட்டச்சு:
சத்தம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், குழந்தை இருப்பதை நான் சரியாகக் கவனிக்கவில்லை. ஆனால் சிவப்பில் வழியில் தடங்கலே கிடையாது, வழவழவென்று இறங்கும். எங்கே எழுத்து விழுந்தது என்று தெரியாததால் அதிலும் கடைசிவரை குத்தத்தான் போகிறார். இன்னொன்று, 'ந' இருப்பது சுண்டுவிரல் ஓய்வெடுக்கும் இடத்தில். விரலை வைத்திருக்கும்போதே எழுத்து விழுந்துவிட்டால் என்ன செய்வது?

கூழாங்கல்:
மூன்றுமே வேண்டாம் என்பேன். முதல் மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கி ஒரு வருடத்தில் 'ட' ஒரு தடவை அமுக்கினால் இரண்டு தடவை விழ ஆரம்பித்தது. தமிழ்99-இல் ஒரே மெய்யை இரண்டு தடவை அடித்தால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி வந்துவிடும் அல்லவா? 'படம்' எல்லாம் 'பட்டம்' ஆனது, 'பாடு' எல்லாம் 'பாட்டு' ஆனது. எல்லாமே சரியான சொற்கள் என்பதால் பிழைதிருத்தியும் பிடிக்கவில்லை. அச்சுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. எனக்கு அது பெரிய அவமானம். விற்ற கம்பெனி கையை விரித்துவிட்டது. மெம்பிரேனில் எனக்கு இப்படி நடந்ததே இல்லை. மேசை உயரத்தைச் சரிசெய்யுங்கள், மணிக்கட்டு மடங்காமல் உட்காருங்கள். வலி பாதி குறையும்.

இரவுப்பணி:
உங்கள் கோபம் புரிகிறது. உள்ளே இருக்கும் உலோகத் தகடு தேய்ந்தாலோ தூசி படிந்தாலோ அப்படி ஆகும். அதற்காகத்தான் ஹாட்ஸ்வாப் கீபோர்டு வாங்கச் சொல்கிறேன். கெட்டுப்போன ஒரு ஸ்விட்சை மட்டும் பிடுங்கிவிட்டு வேறு செருகலாம், பற்றவைக்க வேண்டாம். செர்ரியின் காப்புரிமை முடிந்த பிறகு கேட்டரான், கைல், அவுட்டெமு என்று நிறையப் பேர் அதே வடிவில் செய்கிறார்கள், மலிவாகவே கிடைக்கும். வாங்கும்போது ஒன்று பாருங்கள்: கீபோர்டு 3 பின் (ஸ்விட்சின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கால்) மட்டும் ஏற்பதாக இருந்தால் 5 பின் ஸ்விட்ச் அப்படியே உட்காராது, இரண்டு பிளாஸ்டிக் காலை வெட்ட வேண்டும்.

அளவு பற்றி யாரும் சொல்லவில்லை. எண் பலகை இல்லாத 87 விசை போதும், மவுஸ் பக்கத்தில் வரும். 61 விசைக்காரர்கள் அம்புக்குறியைத் தூக்கிவிடுகிறார்கள், திருத்தும் வேலைக்கு அது கஷ்டம். அதைவிடச் சின்னது வேண்டவே வேண்டாம். அடைப்புக்குறி விசைகள் போனால் 'ச'வும் 'ஞ'வும் போய்விடும்.

கூழாங்கல்:
ஒரு ஸ்விட்சை மட்டும் மாற்றலாம் என்பது எனக்கு அன்று தெரியாது. இருந்தாலும் அச்சுக்குப் போகிற வேலைக்கு நான் மெம்பிரேனை விடமாட்டேன்.

பழையதட்டச்சு:
அப்படி மாற்ற முடியுமென்றால் எல்லா விசைக்கும் ஒரே ஸ்விட்ச் எதற்கு? பழுப்பு போடுங்கள். சத்தம் குறைவு, நடுவில் சின்ன மேடு இருப்பதால் விரலுக்குத் தெரியும். சுண்டுவிரலுக்கு மட்டும் தம்பி சொன்ன சிவப்பு. 'ந'வை மட்டும் பழுப்பாகவே விடுங்கள்.

வைகைக்கரை:
அப்படியே செய்தேன். 87 விசை ஹாட்ஸ்வாப், பழுப்பு. ய, ச, ஞ, ழ, ண ஐந்துக்கும் சிவப்பு. 'ந'விலும் சிவப்பைப் போட்டுப் பார்த்தேன். யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது இரண்டு தடவை தானாக விழுந்தது, திரும்பப் பழுப்பே மாட்டினேன். பத்து நாளாகிறது. சுண்டுவிரல் கடுப்பு இப்போது ராத்திரி பதினொன்றுக்குத்தான் எட்டிப்பார்க்கிறது. மேசையையும் இரண்டு அங்குலம் இறக்கினேன், அதற்கும் பங்கு இருக்கும்.

மகள் எழுந்தது ஒரே நாள், ஸ்பேஸ்பாரின் 'டக்' சத்தத்தில். அதன் இரண்டு பக்கமும் உள்ள கம்பிக்குக் கிரீஸ் தடவினால் அடங்குமா?

இரவுப்பணி:
அடங்கும் அக்கா. மூடியைக் கழற்றி, கம்பி முனைகளில் மட்டும் கொஞ்சம் தடவுங்கள். ஸ்விட்சுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.