சட்டமன்றம் பார்க்கப் போகிறோம், அம்மாவின் குளுக்கோஸ் தண்ணீரை உள்ளே விடுவார்களா?

கேள்வி (லாஸ்பேட்டை):
வணக்கம். அடுத்த வாரம் புதுச்சேரி சட்டமன்றத்தைச் சுற்றிப் பார்க்க அனுமதி கிடைத்திருக்கிறது. நான், எட்டாவது படிக்கும் பையன், அப்புறம் அம்மா. அம்மாவுக்கு 68 வயது, இன்சுலின் போட்டுக்கொள்கிறார், சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனால் கை நடுங்கி வியர்த்துவிடும், அதனால் எங்கே கிளம்பினாலும் ஸ்டீல் பாட்டிலில் குளுக்கோஸ் கரைத்து எடுத்துக்கொள்வோம். போன வருஷம் கடலூரில் ஒரு அலுவலகத்தில் வாசலிலேயே அதை வாங்கி வைத்துவிட்டார்கள், எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. உள்ளே காத்திருந்தபோது அம்மாவுக்கு மயக்கமே வரப்பார்த்தது. பக்கத்தில் இருந்த ஒரு அக்கா கடலை மிட்டாய் கொடுத்தார். இன்னொரு முறை அப்படி ஆகக் கூடாது, என்ன செய்யலாம்?

பதில் (திருப்பாதிரிப்புலியூர்):
தண்ணீர் பாட்டில் என்றால் சில இடங்களில் ஒரு வாய் குடித்துக் காட்டச் சொல்லிவிட்டு விடுவார்கள். ஆனால் அது வாசலில் நிற்கிறவரைப் பொறுத்தது, அதை நம்பிப் போகாதீர்கள்.

பதில் (ஓய்வுபெற்ற காவலர், முத்தியால்பேட்டை):
வாசல் டியூட்டி நிறைய பார்த்தவன் என்பதால் சொல்கிறேன் தங்கச்சி. ஸ்டீல் பாட்டில் எக்ஸ்ரே திரையில் கறுப்பாகத்தான் விழும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. திறந்து பார்த்தாலும் தண்ணீரும் வேறு திரவமும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். 2023 டிசம்பர் 13 அன்று மக்களவைப் பார்வையாளர் மாடத்திலிருந்து இருவர் குதித்து, ஷூவில் மறைத்து வந்த புகைக் குப்பியைத் திறந்தார்களே, அப்படி ஏதாவது நடந்தால் முதல் கேள்வி வாசலில் நின்றவனுக்குத்தான். மருத்துவர் சீட்டைக் கையில் வையுங்கள், பாட்டிலை எடுப்பதற்கு முன்பே பொறுப்பில் இருக்கும் அதிகாரியிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

பதில் (செவிலியர், கடலூர் முதுநகர்):
அம்மாவுக்கு வேண்டியது சர்க்கரை, அதைத் தண்ணீராகத்தான் கொண்டு போக வேண்டும் என்பதில்லை. மருந்துக்கடையில் குளுக்கோஸ் மாத்திரை கிடைக்கும், அட்டையைப் பிரிக்காமல் வாங்கி அம்மாவின் கைப்பையிலேயே போடுங்கள். நடுக்கம் தொடங்கியதும் 15 கிராம், அதாவது சுமார் மூன்று டீஸ்பூன் சர்க்கரை அளவு. 15 நிமிடம் கழித்தும் சரியாகவில்லை என்றால் இன்னொரு 15 கிராம். கடலை மிட்டாய் அவசரத்துக்கு உதவியது நல்லதுதான், ஆனால் கடலையில் எண்ணெய் இருப்பதால் சர்க்கரை ரத்தத்தில் ஏறத் தாமதமாகும். நினைவு தப்பிவிட்டால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், உடனே 108.

பதில் (ஓய்வுபெற்ற காவலர்):
இதுதான் சரி. பிரிக்காத அட்டைக்கு யாரும் தடை சொன்னதாக எனக்கு நினைவில்லை. பவுடரைக் காகிதத்தில் மடித்து மட்டும் எடுத்து வராதீர்கள், அதற்குத்தான் நூறு கேள்வி வரும்.

லாஸ்பேட்டை:
ரொம்ப நன்றி அண்ணா, நன்றி சிஸ்டர். மாத்திரையே வாங்கிவிடுகிறேன். குளுக்கோஸ் பாட்டிலோடு என் தம்பி எதிரே பாரதி பூங்காவில் இருப்பான், வெளியே வந்ததும் ஆயி மண்டபத்து நிழலில் அம்மாவை உட்கார வைத்துக் கொடுக்கலாம். ஊருக்கே முத்தரையர்பாளையத்திலிருந்து குடிதண்ணீர் வந்ததற்காகக் கட்டிய மண்டபம் அது, பையனுக்கும் காட்ட வேண்டும். புறப்படுமுன் அம்மாவுக்கு இட்லி கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவேன்.