‘செட்’ – ஒரே சொல், ஏழு இடத்தில் ஏழு பொருள். தமிழில் எப்படி எழுதுவது?

மண்டபம்முகில் கேட்டது:

மண்டபம், பாம்பன், தேவிப்பட்டினம் பக்கத்து நாட்டுப்படகுக்காரர்களுக்காக ஓர் ஆங்கிலக் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜிபிஎஸ், வலை, இன்ஜின் பராமரிப்பு, ஃபைபர் படகில் ஓட்டை அடைப்பது எல்லாம் அதில் உண்டு. பெரிய பெரிய கலைச்சொற்களுக்குத் தமிழ் கிடைத்துவிட்டது. ‘செட்’ என்ற சின்னச் சொல்தான் பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறது. இதுவரை எழுதியதை அப்படியே தருகிறேன்:

‘செட் 090, டிரிஃப்ட் 1.5 நாட்’ – நீவாடு (கடல் நீரோட்டம்) கிழக்கிலிருந்து வருகிறது.
‘பாட்டம் செட் கில்நெட்’ – அடிக்கடல் செவுள்வலைத் தொகுப்பு.
பதிவேட்டில் ‘நம்பர் ஆஃப் செட்ஸ்’ – வலைகளின் எண்ணிக்கை.
‘செட் ஸ்க்ரூ’ – ஒரு செட் திருகு.
ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) பற்றிய இடத்தில் ‘கம்ப்ரெஷன் செட்’ – அழுத்தும் கருவி.
ரெசின் பகுதியில் ‘செட்’, ‘க்யூர்’ என்று இரண்டும் வருகின்றன. இரண்டுக்கும் ‘காய்ந்ததும்’ என்றே போட்டிருக்கிறேன்.
‘சன்செட்’ – சூரியன் மறைவு. இது ஒன்றுதான் உறுதி.

எல்லா இடத்துக்கும் பொருந்துகிற ஒரே தமிழ்ச் சொல் இருக்கிறதா?

சொல்லடுக்கு எழுதியது:

இல்லை, தேடவும் வேண்டாம். 1989-இல் வந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு இந்தச் சொல்லுக்குத்தான். வினையாக மட்டும் 400-க்கு மேற்பட்ட பொருள். ஆனால் வேரைப் பிடித்தால் பாதிக் குழப்பம் தீரும்.

‘சிட்’ என்றால் உட்கார். ‘செட்’ என்றால் உட்கார வை. நம்மிடம் அமர் – அமர்த்து, இரு – இருத்து என்று தன்வினை, பிறவினை ஜோடி இருக்கிறதே, அதே உறவு. ஆகவே ‘செட்’ வரும்போதெல்லாம், எதை எங்கே இருத்தினார்கள், அது அங்கேயே நிற்கிறதா என்று கேளுங்கள். வலையை இருத்தினால் பாய்ச்சுவது (கடலில் இறக்குவது), அலாரத்தை இருத்தினால் வைப்பது, கூழான பொருள் தானே ஒரு நிலையில் இருந்துவிட்டால் இறுகுவது. சூரியன் இருந்துவிட்டால்? ‘பொழுது அடைஞ்சு போச்சு’ என்று நம் ஊரில் சொல்வது ‘மறைவு’ என்பதைவிட இதற்கு நெருக்கம்.

‘தொகுதி’ என்ற பொருளில் வரும் ‘செட்’ பிறப்பிலேயே வேறு. அது லத்தீனில் ‘செக்தா’, பழைய பிரெஞ்சில் ‘செத்’ என்று ஆகி ஆங்கிலத்துக்கு வந்தது. ஒரு வழியைப் பின்பற்றும் கூட்டம் என்பது பொருள். ஸ்பேனர் செட், டீ செட், கணக்கில் வரும் கணம் எல்லாம் இந்த வகை. பாட்டம் செட், நம்பர் ஆஃப் செட்ஸ், செட் ஸ்க்ரூ ஆகிய மூன்று இடங்களில் நீங்கள் வினைப் பிறப்பான சொல்லைத் தொகுதி அல்லது எண்ணிக்கை என்று படித்திருக்கிறீர்கள்.

மலைக்க வேண்டாம். நாமும் ‘படி’ என்ற ஒரு சொல்லை வைத்துப் புத்தகம் படிக்கிறோம், அரிசி அளக்கிறோம், மாடி ஏறுகிறோம், பத்திரத்துக்குப் படி எடுக்கிறோம், முகத்துவாரத்தில் வண்டல் படிகிறது என்கிறோம். யாரும் குழம்புவதில்லை, பக்கத்துச் சொல் காட்டிக்கொடுத்துவிடும்.

தென்கடல் எழுதியது:

முதல் வரியை இன்றைக்கே திருத்துங்கள் தம்பி. மற்றவை தவறினால் பொருள்தான் கெடும், இது தவறினால் படகு எல்லை தாண்டும்.

காற்றுக்குப் பெயர் அது வரும் திசையை வைத்து. வாடை என்றால் வடக்கிலிருந்து வருவது. நீரோட்டத்தின் ‘செட்’ அப்படியே தலைகீழ்: நீர் போகும் திசை. ‘செட் 090’ என்றால் நீவாடு கிழக்கு நோக்கி இழுக்கிறது. ‘டிரிஃப்ட்’ என்பது இங்கே திசையல்ல, நீவாட்டின் வேகம், 1.5 நாட் என்றால் மணிக்கு ஒன்றரைக் கடல் மைல். இன்ஜினை நிறுத்திவிட்டு மூன்று மணி நேரம் வலையோடு கிடந்தால் 4.5 கடல் மைல், அதாவது 8 கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே போயிருப்போம். உங்கள் வரியைப் படித்தவர் கரைப்பக்கம் ஒதுங்குவதாக நம்பிக்கொண்டு இருப்பார். பாக் நீரிணையில் 1974-லும் மன்னார் வளைகுடாவில் 1976-லும் வரைந்த எல்லைக்கோடு தண்ணீரில் தெரியாது.

கையேட்டில் இடமிருந்தால் செட்டை ஜிபிஎஸ்ஸிலேயே அளக்கும் முறையைச் சேருங்கள். காற்று அடங்கிய நேரத்தில் இன்ஜினை நிறுத்திப் படகை அதன் போக்கில் விட வேண்டும். ஓட்டம் நின்ற பிறகு ஒரு புள்ளி குறித்து, பத்து நிமிடம் கழித்து இன்னொன்று குறிக்க வேண்டும். முதல் புள்ளியிலிருந்து இரண்டாவதன் திசைதான் செட். இடைத்தூரத்தை ஆறால் பெருக்கினால் மணிக்கு எவ்வளவு என்று வந்துவிடும். கச்சான் பலமாக அடிக்கும்போது இதைச் செய்தால் காற்றுத் தள்ளியதும் சேர்ந்து வரும். அதை நீவாடு என்று எழுதக் கூடாது.

வலை வரிகளுக்கு வருகிறேன். ‘பாட்டம் செட் கில்நெட்’ தொகுப்பு இல்லை. கல்லும் நங்கூரமும் போட்டுத் தரையில் நிற்கும்படி இறக்கிய செவுள்வலை. நம் நண்டு வலை அந்த வகைதான். இதற்கு எதிர், நீவாட்டோடு போகிற வலை. ‘நம்பர் ஆஃப் செட்ஸ்’ என்றால் எத்தனை தடவை பாய்ச்சினீர்கள் என்பது. இருபது துண்டு வலையைக் கோத்து ஒரே தடவை விட்டால் 1 என்றுதான் எழுத வேண்டும். 20 என்று எழுதினால் தடவைக்குக் கிடைத்த மீன்பாடு இருபதில் ஒரு பங்காகக் கணக்கில் ஏறும். அந்தப் பதிவேட்டை வைத்துக் கடலில் மீன் குறைந்துவிட்டது என்று யாராவது முடிவு செய்தால் பிழை நம்முடையது.

ஃபைபர்பட்டறை எழுதியது:

ரெசினில் ‘செட்’டும் ‘க்யூர்’ரும் வேறு வேறு. இரண்டுக்கும் ‘காய்ந்ததும்’ போட்டால் ஒட்டுப் போட்ட அன்றே படகைக் கடலில் இறக்கிவிடுவார்கள். அதோடு ரெசின் காய்வதே இல்லை. பெயின்ட்போல ஆவியாகி உலர்வதல்ல, உள்ளே வேதிவினை நடந்து சூடேறி இறுகுவது. ‘செட்’ என்ற இடத்தில் ‘இறுகியதும்’ என்றும் ‘க்யூர்’ என்ற இடத்தில் ‘முழு வலு ஏறியதும்’ என்றும் எழுதுங்கள்.

பாலியெஸ்டர் ரெசின் முதலில் நுங்குப் பதத்துக்கு வரும். அதற்குப் பிறகு கண்ணாடியிழைப் பாயை நகர்த்தவோ பிரஷ் போடவோ கூடாது. இழை பிய்ந்து உள்ளே காற்றுக்குமிழ் நிற்கும். கப்பில் மிச்சம் அந்தப் பதத்துக்கு வந்திருந்தால் அதையும் பயன்படுத்தக் கூடாது. பிறகு தொட்டால் கெட்டியாகும், ஆனால் வலு ஏற நாள்கணக்கில் ஆகும். பிசுக்கு மட்டும் அடையாளமில்லை: மெழுகு சேர்க்காத ரெசின் மேலே காற்றுப்பட்ட இடத்தில் பிசுபிசுத்தாலும் அடியில் இறுகியிருக்கலாம்.

கேட்டலிஸ்ட் (ரெசினை இறுக வைக்கக் கலப்பது) ஒரு கிலோ ரெசினுக்குப் பொதுவாக 10 முதல் 20 கிராம். டப்பாவில் சொன்ன அளவே முடிவு. வெயில் நேரத்தில் குறைந்த பக்கம் நில்லுங்கள். கூடினால் சூடேறி வெடிப்பு விடும், 10 கிராமுக்கும் கீழே போனால் எத்தனை நாளானாலும் முழு வலு வராது. கோபால்ட் (இறுகலை விரைவாக்குவது) கலக்காத ரெசினாக இருந்தால் கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு அப்புறம்தான் கேட்டலிஸ்ட். இரண்டையும் நேரடியாகச் சேர்த்தால் சீறித் தீப்பிடிக்கும். இந்த வரியைக் கட்டம் கட்டிப் போடுங்கள்.

சிமென்டிலும் இதே பிரிவு உண்டு. முதல் இறுகல் 30 நிமிடத்துக்கு முன் வரக் கூடாது, முடிவான இறுகல் 600 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று இந்தியத் தர அளவு சொல்கிறது. அதோடு வலு வந்துவிட்டது என்று பொருளல்ல. அதற்குத்தான் நாள்கணக்கில் தண்ணீர் ஊற்றுகிறோம்.

‘செட் ஸ்க்ரூ’ ஒரே திருகு. பெரும்பாலும் தலை இருக்காது, ஆலன் கீ போட்டு முடுக்குவது. புல்லி தண்டின் மேல் வழுக்காமல் இருத்திப் பிடிக்கும். ‘ஒரு செட்’ என்று எழுதினால் கடைக்காரர் நாலு திருகு கொடுப்பார். ‘கம்ப்ரெஷன் செட்’ கருவியே இல்லை, ஒரு கோளாறு. ஓ-ரிங் நாளாக நாளாக நசுங்கி, கழற்றிய பிறகும் உருண்டைக்குத் திரும்பாமல் தட்டையாகவே நின்றுவிடுவது. அப்படி நின்ற ரிங்கைத் திரும்பப் போட்டால் கசியும், மாற்றத்தான் வேண்டும். ‘நசுங்கி நின்றுபோதல்’ என்று எழுதலாம்.

சொல்லடுக்கு எழுதியது:

இன்னொன்று. நாம் பேச்சில் எடுத்துக்கொண்ட ‘செட்’ ஆங்கிலத்தின் பொருளை எல்லா இடத்திலும் வைத்திருப்பதில்லை. ‘இந்த இன்ஜின் நம்ம வல்லத்துக்கு செட் ஆகல’ என்றால் பொருந்தவில்லை என்று பொருள்; ஆங்கிலத்தில் அதற்கு ‘சூட்’ என்ற வேறு சொல். அதனால் கையேட்டில் ‘செட் ஆனதும்’ என்று அப்படியே விட்டுவிடாதீர்கள். படிப்பவர் ‘பொருந்தியதும்’ என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது.

மண்டபம்முகில் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. எல்லா வரியையும் திருத்திவிட்டேன். நீவாட்டு வரி இப்போது: ‘நீவாடு கிழக்கு, வேகம் 1.5 நாட்.’ சரிதானே அண்ணே?

தென்கடல் எழுதியது:

‘நீவாடு கிழக்கு’ என்று நிறுத்தினால் கொண்டல் காற்றைப்போலக் கிழக்கிலிருந்து வருவதாகத்தான் நம் ஆட்கள் படிப்பார்கள். ‘கிழக்கு நோக்கி இழுக்கும்’ என்று முழுதாக எழுதிப் பக்கத்தில் ஒரு அம்புக்குறியும் போடுங்கள்.