பச்சை ஆற்றுமீன், கல்லீரல் புழு, புற்றுநோய்: பூச்சி மாத்திரை போதுமா?

தேக்கா_ராஜா:
புழுத்தொற்றால் ஆண்களுக்குப் புற்றுநோய் வரும், புராஸ்டேட்கூட பாதிக்கும் என்று ஒரு குரல்பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சிங்கப்பூரில் எங்கள் கட்டுமான சைட்டில், வடகிழக்குத் தாய்லாந்தின் இசான் பக்கத்துக்காரர்கள் நிறைய. அவர்களோடு ஊருக்குப் போய்வரும் நம்மாட்கள் சிலர் ‘கொய் ப்ளா’ பச்சை மீன் சாப்பிடுகிறார்கள். எலுமிச்சை பிழிந்தால் புழு செத்துவிடும், ஆறு மாதத்துக்கு ஒரு ஆல்பெண்டசோல் பூச்சி மாத்திரை போட்டால் போதும் என்கிறார்கள். சரியா? சீனப் புத்தாண்டுக்கு நாம் சாப்பிடும் பச்சை மீன் சாலட் யூ ஷெங்கிலும் இந்த ஆபத்து உண்டா?

ஆய்வகம்_மணி:
எலுமிச்சை மீனை வெளுக்க வைக்கும், அவ்வளவுதான் தம்பி. கெண்டை வகை ஆற்றுமீன்களின் சதையில் ஓப்பிஸ்தார்கிஸ் என்ற தட்டைப்புழுவின் (இதுதான் கல்லீரல் புழு) குட்டி கூடு கட்டிக் கிடக்கும். அந்தக் கூட்டை எலுமிச்சையும் அசைக்காது, மிளகாயும் அசைக்காது. சிறுகுடலுக்கு வந்ததும் வெளியே வந்து பித்தக்குழாய்க்குள் ஏறும். பத்து வருடம்கூட உயிரோடிருக்கும். குழாயின் உள்சுவர் ஓயாமல் புண்பட்டு, தடித்து, பல வருடம் கழித்துப் புற்றாகலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை 1994-லேயே முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற பட்டியலில், சேர்த்தது. சீனா, கொரியா பக்கத்துக் கல்லீரல் புழுவான க்ளோனார்கிஸை 2009-ல்.

ஆண்களுக்கு அதிகம் வருவதற்கு முக்கியக் காரணம் சாப்பாட்டுப் பழக்கம். குடிக்கும்போது தொட்டுக்கொள்ளப் பச்சை மீன் வைப்பது பெரும்பாலும் அவர்கள்தான்.

மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் வைத்தால் புழு சாகும். வீட்டு ஃப்ரீசர் அந்தக் குளிரை நிலையாகப் பிடிக்காது. பேசாமல் வேகவைத்துவிடுங்கள்.

யூ ஷெங்கில் இப்போது வருவது பெரும்பாலும் வளர்ப்பு சால்மன்; இந்தப் புழுவுக்கு அதில் இடமில்லை. 2015-ல் பச்சை சோங், தோமான் என்ற ஆற்றுமீன்களால் பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா பரவியதால், அந்த டிசம்பரிலிருந்து இங்கே கடைகளில் ஆற்றுமீனைப் பச்சையாகப் பரிமாறத் தடை. பாக்டீரியாவுக்காக வந்த தடை, புழுவையும் சேர்த்து நிறுத்துகிறது.

மருந்தாளர்75:
400 மில்லிகிராம் ஆல்பெண்டசோல் ஒன்று உருண்டைப்புழு, கொக்கிப்புழுவுக்கு. கல்லீரல் புழுவுக்குப் பிராசிகுவாண்டல் என்ற மருந்து வேண்டும். வழக்கமான அளவு: உடல் எடையில் கிலோவுக்கு 25 மி.கி., தினம் மூன்று வேளை, இரண்டு நாள். 60 கிலோ ஆளுக்கு வேளைக்கு 1500 மி.கி., அதாவது 600 மி.கி. மாத்திரை இரண்டரை. சாப்பாட்டோடு, மெல்லாமல் விழுங்கவும். மென்றால் கசப்பில் குமட்டும்.

ஊரிலிருந்து வாங்கிவரச் சொல்லி நீங்களாகப் போடாதீர்கள். மூளையில் பன்றி நாடாப்புழுக் கட்டி இருந்தால் இந்த மருந்தே வலிப்பைக் கிளப்பும். நம்மூரில் வலிப்புக்கு அது அபூர்வக் காரணமில்லை. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு மருந்து ரத்தத்தில் நிற்காது. தலை சுற்றும் என்பதால் மாத்திரை போடும் நாட்களிலும் மறுநாளும் கிரேன், ஃபோர்க்லிஃப்ட் தொடக்கூடாது. டாக்டரிடம் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) கேட்டு வாங்குங்கள்.

தேக்கா_ராஜா:
நன்றி அண்ணே. சாப்பிட்டு ஏழெட்டு வருடமாகி, ஒரு தொந்தரவும் இல்லையென்றால்?

ஆய்வகம்_மணி:
தொந்தரவு இல்லாமல் இருப்பதுதான் வழக்கம். பாலிகிளினிக்கிலோ கம்பெனி டாக்டரிடமோ “தாய்லாந்தில் பச்சை ஆற்றுமீன் சாப்பிட்டேன்” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் யாரும் தேடமாட்டார்கள். மலத்தில் முட்டை பார்ப்பார்கள். முட்டை 30 மைக்ரான்தான், தொற்று லேசாக இருந்தால் ஒரு மல மாதிரியில் கண்ணில் படாமல் தப்பிவிடும். வெவ்வேறு நாளில் மூன்று மாதிரி கொடுப்பது நல்லது. கண் மஞ்சள், அடர்நிறச் சிறுநீர், வெளிறிய மலம், உடம்பெங்கும் அரிப்பு இருந்தால் மலப் பரிசோதனைக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

மருந்தாளர்75:
புராஸ்டேட் கதை வேறு. அந்தக் குரல்பதிவில் புராஸ்டேட்டுக்குச் சொல்வது ட்ரைகோமோனாஸ், உடலுறவில் பரவும் ஒற்றைச்செல் உயிரி. 2006-ல் ஓர் அமெரிக்க ஆய்வு புராஸ்டேட் புற்றுநோயோடு அதற்குத் தொடர்பு இருப்பதாகச் சொன்னது, பின்னால் வந்த சில ஆய்வுகளில் அது தெரியவில்லை. புற்றுநோய்ப் பயத்துக்காக அதைத் தேட வேண்டாம். தொற்று உறுதியானால் மெட்ரோனிடசோல் மருந்து, உடலுறவுத் துணைக்கும் சேர்த்து. ஒருவர் மட்டும் போட்டால் திரும்ப ஒட்டிக்கொள்ளும்.