ரூகர் நம்பர் 1: முன்கட்டையைத் தேய்ப்பதா, முட்டுக்கொடுப்பதா?

மலைக்காரன்: பழைய ரூகர் நம்பர் 1 ஒன்று கைக்கு வந்திருக்கிறது, ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடும் ரைஃபிள், 270 வின்செஸ்டர் தோட்டாவுக்கானது. முன்கட்டை, அதாவது பேரலுக்கு (குழலுக்கு) அடியில் கை பிடிக்கும் மரம், பேரலின் இடப்பக்கம் உரசுகிறது, வலப்பக்கம் மடித்த காகிதமே நுழைகிறது. பின்முனையும் ரிசீவரில், தோட்டா ஏறும் இரும்புக் கூட்டில், ஒரு ஓரமாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. பேரல் குளிர்ந்திருந்தால் குண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் விழுகின்றன, சூடேற ஏற இலக்கில் மேலே ஏறிக்கொண்டே போகின்றன. உள்பக்கத்தைத் தேய்த்துவிடலாமா?

உளிமுனை: தாராளமாக. பேரலைவிடக் கொஞ்சம் பருமனான உருளைக் கட்டையில் உப்புத்தாள் சுற்றி, காகிதம் இருபக்கமும் தடையில்லாமல் ஓடும்வரை தேயுங்கள். இந்தத் துப்பாக்கியில் முன்கட்டை பேரலோடு இணைவதே இல்லை, ரிசீவரிலிருந்து பேரலுக்கு அடியில் நீளும் ஹேங்கர் என்ற இரும்புத் தண்டில்தான் ஸ்க்ரூ பிடிக்கிறது, அப்புறம் மரம் பேரலைத் தொட என்ன அவசியம்? தேய்த்த இடத்தில் மறக்காமல் வார்னிஷ் பூசுங்கள். பூச்சில்லாமல் வெறும் மரமாக விட்டால் மழைக்காலத்தில் ஈரம் குடித்து மறுபடி உப்பிக்கொள்ளும்.

கரிமருந்து: அவசரப்பட்டு உப்புத்தாளை எடுக்காதீர்கள். முதலில் முன்கட்டையைக் கழற்றி வைத்துவிட்டுச் சுட்டுப் பாருங்கள். சுத்தியலை அடிக்கவைக்கும் மெயின்ஸ்பிரிங் ஹேங்கரில் இருப்பதால் கட்டை இல்லாமலும் துப்பாக்கி வேலை செய்யும், ரிசீவருக்கு அடியில் மணல்பை வைத்தால் போதும். அப்போதும் குண்டு மேலே ஏறினால் மரத்தின் மேல் பழி போடுவதில் அர்த்தமில்லை, பேரலையோ தோட்டாவையோ ஸ்கோப் வளையத்தையோ பாருங்கள்.

இன்னொன்று. உளிமுனை சொல்வது போல் மரத்தை மட்டும் விலக்கினால் ஹேங்கர் சும்மா இருக்காது. சுத்தியல் விழும்போது அந்த ஸ்பிரிங்கின் அதிர்ச்சியை வாங்குவது அதுதானே. ஹேங்கர் நுனியில் சின்னத் துளை போட்டு, மரையிட்டு, பேரலின் அடியில் லேசாக முட்டும்படி ஒரு செட் ஸ்க்ரூ (தலையில்லாத சின்னத் திருகு) வையுங்கள். அழுத்தம் இருப்பது தப்பில்லை, ஒவ்வொரு தடவையும் மாறுவதுதான் தப்பு.

உளிமுனை: முட்டுக் கொடுத்தால் சூடேறும்போது அந்த முட்டே பேரலைத் தள்ளுமே! எதை ஒழிக்கப் பார்க்கிறோமோ அதையே வேறு இடத்தில் நட்டுவைக்கிறீர்கள்.

கரிமருந்து: மரம் தள்ளுவதும் இரும்பு தள்ளுவதும் ஒன்றா? இரும்பு ஈரத்துக்கு வளையாது. ஸ்க்ரூவைக் கால் திருகு கூட்டிக் குறைத்துப் பார்த்து, நன்றாகச் சுடும் இடத்தில் நிறுத்தலாம். தேய்த்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியுமா, சொல்லுங்கள்.

பழஞ்சரக்கு: சண்டைக்கு நடுவில் துளை போடும் பேச்சை நிறுத்துங்கள். 1967இல் சந்தைக்கு வந்த வரிசை இது, 1872இல் காப்புரிமை பெற்ற ஃபார்க்கர்சன் ரைஃபிளின் வழிவந்த அமைப்பு. ஆரம்பகாலத் துப்பாக்கியாக இருந்தால் ஹேங்கரைத் துளைத்த அன்றே விலை இறங்கிவிடும். துளைக்குப் பதில் ஹேங்கருக்கும் பேரலுக்கும் இடையே மெல்லிய பித்தளைத் தகடு செருகிச் சோதிக்கலாம், பிடிக்கவில்லை என்றால் உருவிவிடலாம்.

மலைக்காரன் சொன்னதில் எனக்கு உறுத்துவது பின்முனைதான், அதை இரண்டு பேருமே கண்டுகொள்ளவில்லை. முன்கட்டையைப் பிடிக்கும் ஸ்க்ரூ சாய்வாக ஏறி, கட்டையை ரிசீவரை நோக்கிப் பின்னால் இழுக்கிறது. பின்முனை ஒரு ஓரமாக மட்டும் முட்டினால் இறுக்க இறுக்கக் கட்டை கோணலாகத் திரும்பும். இடப்பக்க உரசலே அதனால் வந்ததாக இருக்கலாம். ரிசீவர் முகத்தில் லிப்ஸ்டிக் தடவிக் கட்டையை மாட்டிக் கழற்றினால் எங்கே முட்டுகிறது என்று தெரிந்துவிடும். ரிசீவரிலும் ஹேங்கரிலும் மெழுகு பூசி, கட்டையின் பின்முனைக்கு மட்டும் எபாக்சி பெட்டிங், அதாவது சரியாகப் பொருந்தி உட்காரப் பசைப் படுகை, கொடுங்கள். மெழுகை மறந்தால் கட்டை அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

உளிமுனை: பின்முனை பெட்டிங், சரி, ஒத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகும் உரசினால் தேய்க்கத்தான் வேண்டும்.

கரிமருந்து: அதற்குப் பிறகும் உரசினால் செட் ஸ்க்ரூ.

மலைக்காரன்: சனிக்கிழமை கட்டையைக் கழற்றிவிட்டுச் சுடப்போகிறேன். அதுவரை உப்புத்தாளும் வேண்டாம், துளையும் வேண்டாம். லிப்ஸ்டிக்குக்கு வீட்டில் அனுமதி கேட்டிருக்கிறேன்.