பிளக்-இன் ஹைபிரிட் நாலு நாள் நிண்டா ரெடி லைற் வருதில்ல, சார்ஜும் ஏறுதில்ல, ஆராவது உதவுங்கோ

கொக்குவில்காரன்:
வணக்கம். என்னட்ட இருக்கிறது 2014 ஜப்பான் பிளக்-இன் ஹைபிரிட் ஜீப், பெற்றோலிலயும் ஓடும், வயர் குத்திச் சார்ஜ் போட்டுக் கரண்டிலயும் ஓடும். 2022 இல சனம் பெற்றோல் வரிசையில ராப்பகலா நிக்கேக்க, 13 மணித்தியாலக் கரண்ட் கட்டுக்கு இடையில சார்ஜ் போட்டு ஓடித் திரிஞ்ச வாகனம், அதால விக்க மனமில்ல. இப்ப ரெண்டு மாசமா ஒரே கரைச்சல். நாலு நாள் எடுக்காம விட்டா ரிமோட்டுக்குக் கதவு திறக்காது, இரும்புச் சாவியால திறந்து ஏறி பட்டனை அமத்தினா டாஷ்போட் முழுக்க நத்தார் மரம் மாதிரி லைற் மின்னுது, எங்கயோ ரிலே டக் டக் டக் எண்டுது, ஓடத் தயார் எண்டு காட்டுற ரெடி லைற் மட்டும் வராது. சரி சார்ஜைப் போடுவம் எண்டு வயரைக் குத்தினா அதுவும் ஏறுதில்ல. பெரிய பற்றரியில கடைசியா 60 வீதம் காட்டினது, அந்தக் கரண்ட் எங்க போச்சு? கராஜில கொம்பியூட்டர் போட்டுப் பாத்திட்டு 14 பிழைக் கோட் வருது, ஹைபிரிட் பற்றரி போட்டுது, 12 லட்சம் மட்டில முடியும் எண்டுறாங்கள். ஆனா ஜம்ப் குடுத்து எழுப்பினா ஒரு பிழையும் இல்லாம ஓடுது, கரண்டில முந்தி ஓடின தூரம் இப்பவும் ஓடுது. இன்னொண்டு, இதோட சம்பந்தமோ தெரியாது, சார்ஜ் போட்டு ஒரு மணித்தியாலத்தில சுவர்ப் பிளக் கை வைக்கேலாத சூடு.

வெள்ளவத்தை ஹைபிரிட்:
அண்ணை, காசைத் தூக்கிக் குடுத்திடாதேங்கோ. பெரிய பற்றரி போனா அந்தத் தூரம் ஓடாது. உங்களுக்குப் போனது டிக்கிக்க இருக்கிற சின்ன 12 வோல்ட் பற்றரி, இல்லாட்டி அதை ஏதோ ஒண்டு உறிஞ்சுது. பெரிய பற்றரியை வாகனத்தோட தொடுக்கிற ரிலேயை இழுக்கிறது இந்தச் சின்னப் பற்றரிதான், அதால அது படுத்தா 60 வீதம் இருந்தும் ஒரு பிரயோசனமும் இல்ல, சார்ஜ் போடவும் அதே ரிலே இழுபட வேணும், அதுதான் வயர் குத்தியும் ஏறேல்ல. வோல்ட் குறைஞ்ச நேரம் ஒரு கொம்பியூட்டர் மற்றதோட கதைக்கேலாம கண்ட கண்ட கோட் எல்லாம் எழுதும். எல்லாத்தையும் அழிச்சுப் போட்டு, பற்றரி நிறைஞ்சாப் பிறகு திரும்ப வாறது எது எண்டுதான் பாக்கோணும். ஒரு சாதாரண மீற்றர் வாங்கி பற்றரி முனை ரெண்டிலயும் வச்சு, நிக்கேக்க எவ்வளவு, ரெடி வந்தாப் பிறகு எவ்வளவு எண்டு சொல்லுங்கோ.

கொக்குவில்காரன்:
மூண்டு நாள் நிண்டாப் பிறகு 11.4. ஜம்ப் குடுத்து ரெடி வந்தோன்ன 14.3.

வெள்ளவத்தை ஹைபிரிட்:
14.3 வருதெண்டா டிசி-டிசி கன்வேட்டர் நல்லா இருக்கு. இதில ஆல்டனேட்டர் இல்ல, பெரிய பற்றரியில இருந்து இறக்கி சின்னதை நிரப்பிறது அதுதான். ரெடியிலயும் 12 இல நிண்டிருந்தா நான் பயந்திருப்பன். இப்ப பற்றரியை வெளிச் சார்ஜரில நிரப்பி நெகற்றிவ்வைக் கழட்டி ரெண்டு நாள் வையுங்கோ, பிறகு பூட்டி ரெண்டு நாள் வையுங்கோ. கழட்டி வச்சும் இறங்கினா பற்றரி பிழை, பூட்டினா மட்டும் இறங்கினா வாகனம் குடிக்குது.

வவுனியா வான்:
இவ்வளவு பாடு எதுக்கு, வானுக்குப் போடுற 70 ஆம்பியர் பற்றரி ஒண்டைப் போட்டா பிரச்சினை முடிஞ்சுது, நான் என்ர காருக்கு அப்பிடித்தான் செய்தனான்.

வெள்ளவத்தை ஹைபிரிட்:
அண்ணை கோவிக்காதேங்கோ, உங்கட கார் பற்றரி பொனற்றுக்க இருக்கும். இவற்றது, வாகனத்தில ஆக்கள் இருக்கிற பகுதிக்குள்ள இருக்கு, அதில வாற காஸ் வெளிய போக ஒரு சின்னக் குழாய் பூட்டியிருக்கும். அதால ஏஜிஎம் எண்டுற, அசிட் வெளிய சிந்தாத மூடின பற்றரிதான் போடோணும், குழாயையும் மறக்காமப் பூட்டோணும். அதோட உறிஞ்சிறது உறிஞ்சிக்கொண்டே இருந்தா நாலு நாள் ஆறு நாள் ஆகும், அவ்வளவுதான்.

ஸ்காபரோ சிவா:
தம்பி, சாவி எங்க தொங்குது? என்ர சாவிக் கொளுக்கி கராஜ் சுவரில இருந்தது, வாகனத்துக்கும் அதுக்கும் ரெண்டு மீற்றர்தான், சாவி கிட்ட இருக்கெண்டு வாகனம் இரவிரவா நித்திரைக்குப் போகேல்ல. குசினிக்க மாத்தின பிறகு சரி. பிறகு பூட்டின அலாரம், கமெரா ஏதும் இருந்தா அதையும் பாருங்கோ.

கொக்குவில்காரன்:
சாவி வீட்டுக்குள்ள தள்ளித்தான் இருக்கு அண்ணை. கழட்டி வச்சு ரெண்டு நாள், 12.6 அப்பிடியே நிண்டது. பூட்டி ரெண்டு நாள், 12.1. அப்ப குடிக்கிறது வாகனம்தான். கமெரா ஒண்டு போன வருசம் பூட்டினனான், ஆனா கரைச்சல் ரெண்டு மாசமாத்தானே.

வெள்ளவத்தை ஹைபிரிட்:
பற்றரி புதுசா இருந்த மட்டும் தாங்கியிருக்கும். வாகனம் உறிஞ்சிற கரண்டை நேர அளந்து பாருங்கோ. டிசி அளக்கிற கிளாம்ப் மீற்றர், வயரைச் சுத்திக் கவ்வி அளக்கிறது, வேணும், எலெக்ரீசியன்மார் வச்சிருக்கிறது கனக்க ஏசி மட்டும் காட்டும், அதில சைபர்தான் வரும். டிக்கியைத் திறந்து வச்சு, கதவு லொக்கை ஸ்குரூ டிரைவரால திருப்பி விடுங்கோ, அப்பதான் டிக்கி சாத்தினதா வாகனம் நம்பும். அரை மணித்தியாலம் ஒண்டிலயும் தொடாதேங்கோ, பிறகு பாருங்கோ. 50 மில்லி ஆம்பியருக்கு, அதாவது 0.05 ஆம்பியருக்குக் கீழ நிக்கோணும். செம்மஞ்சள் வயர் எங்க கண்டாலும் கை வைக்காதேங்கோ, அது 300 வோல்ட்.

கொக்குவில்காரன்:
கிளாம்ப் இரவல் வாங்கி அளந்தாச்சு. 0.45 ஆம்பியர்! ஒவ்வொரு பியூஸா இழுத்துக்கொண்டு போக, கமெரா வயர் செருகியிருந்த பியூஸை இழுத்தோன்ன 0.03 க்கு விழுந்தது. வாகனம் நிக்கேக்கயும் படம் எடுக்கட்டும் எண்டு, நேரடியா எப்பவும் கரண்ட் இருக்கிற பியூஸில குத்தி விட்டிருக்கிறாங்கள். கணக்குப் பாத்தா மூண்டு நாளுக்கு 32 ஆம்பியர் மணித்தியாலம், பற்றரியே 45 தான், அதுவும் கிழடு. சாவி போட்டா மட்டும் கரண்ட் வாற பியூஸுக்கு மாத்திப் போட்டன். ஏழு நாள் நிண்டது, இண்டைக்குப் பட்டனை அமத்தினா ஒரே தரத்தில ரெடி. கோட் அழிச்சதில ஒண்டும் திரும்ப வரேல்ல. ஒரு கூத்தும் நடந்தது, அளந்து முடிய லொக்கைத் திருப்பி விட மறந்து டிக்கியை அடிச்சுச் சாத்தப் பாத்தன், அது சாத்துப்படாம எகிற மனுசி ஓடி வந்து என்ன உடைச்சனீங்கள் எண்டு கேட்டவ.

வெள்ளவத்தை ஹைபிரிட்:
சந்தோசம் அண்ணை. அந்தச் சூடு பிளக்கை விட்டிட்டீங்கள், எனக்கு அதுதான் பயம். என்ன பிளக்?

கொக்குவில்காரன்:
ஜப்பான் 200 வோல்ட் சார்ஜ் வயர், நுனியை வெட்டி 13 ஆம்பியர் பிளக் போட்டது. இப்ப கழட்டிப் பாத்தன், நியூட்ரல் பக்கம் பிளாஸ்ரிக் மண்ணிறமா உருகி, பியூஸ் மூடி ஒட்டிப்போய் இருக்கு.

வெள்ளவத்தை ஹைபிரிட்:
இண்டைக்கே பாவிக்கிறதை நிப்பாட்டுங்கோ. அந்த வயர் 15 ஆம்பியர் இழுக்கும், எங்கட 230 வோல்ட்டில அது மூண்டரைக் கிலோவாட், நாலு மணித்தியாலம் விடாம. 13 ஆம்பியர் பிளக் கேத்தில் கொதிக்க வைக்கிறதுக்குச் செய்தது. மெயின் போட்டில இருந்து தனி 4 சதுர மில்லிமீற்றர் வயர் இழுத்து, 20 ஆம்பியர் பிரேக்கர், அதுக்கெண்டு ஒரு 30 மில்லி ஆம்பியர் ரிப் சுவிச் (கரண்ட் கசிஞ்சா வெட்டுறது), நீலக் கலர் 16 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் சொக்கெட். எர்த்தையும் அளக்கச் சொல்லுங்கோ, கோடையில நிலம் காஞ்சா எர்த் கம்பி சும்மா பேருக்குத்தான் நிக்கும்.

கொக்குவில்காரன்:
சனிக்கிழமை எலெக்ரீசியன் வாறார். அதுமட்டும் பெற்றோலிலதான் ஓட்டம்.